பேர் சொன்ன அண்ணி

கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தேன். கடலூரில் மகன் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்திருந்தேன். கடைக்காரர் பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சேதி தெரியாதா உங்களுக்கு? மெம்பரம்மா பூட்டாங்களாமே. காலைல மைக்கு கட்டிகினு சொல்லிட்டுப் போனாங்க" என்றார். எந்த மெம்பரம்மா என்று கேட்க வாயெடுத்தேன். பிறகுதான் உறைத்தது. ஊருக்கெல்லாம் மெம்பரம்மாவாக இருந்தவர் எனக்கு அண்ணி. அந்தப் பட்டத்தை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அதனால் என் அண்ணியின் சாவை யாரோ அடுத்த வீட்டுச் சாவைப் போல ஒரு நொடி கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். வெற்றிலையை அங்கேயே வைத்துவிட்டு ஊரைப் பார்த்து நடந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் பள்ளிக்கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பெண் குலத்தின் விளக்கு என்றார் ஒருவர். கல்வி வள்ளல் என்றார் இன்னொருவர். அண்ணி அங்கே இருந்திருந்தால், "யாரத் தம்பி சொல்றாங்க?" என்று என் காதில் கேட்டிருப்பார். அவர் இரண்டு முறை தேர்தலில் நின்றார், ஒரு முறை தோற்றார், ஒரு முறை ஜெயித்தார் என்று சொன்னார்கள். ஏன் தோற்றார், எப்படி ஜெயித்தார், ஜெயித்த பிறகு இந்த ஊர் அவரை என்ன பாடு படுத்தியது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லக் கூச்சம். எனக்கு இந்த வயதில் கூச்சமும் இல்லை, பேசினால் கோபித்துக்கொள்வார்களே என்ற பயமும் இல்லை. அவரை அறிந்தவர்கள் படிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அண்ணியின் பெயர் தையல்நாயகி. வில்லியனூர்க் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள். அப்போது எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பில் ஒரு பரீட்சை உண்டு. அதில் தேறினால் கொடுக்கிற பத்திரத்தைச் 'செர்த்திபிகா' என்போம். பெண் பிள்ளைகளில் அந்தப் பரீட்சைவரை போகிறவர்கள் அபூர்வம். அண்ணி போனார். பரீட்சைக்கு முந்தைய வாரம் வயதுக்கு வந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் ஓலையில் குச்சு கட்டி உட்கார வைத்துவிட்டார்கள். அதோடு படிப்பு முடிந்தது.

"பரீட்ச அன்னிக்கு மணி அடிச்சது குச்சுக்குக் கேட்டுச்சி தம்பி. எல்லாரும் கணக்குப் போட்டுகினு இருந்தாங்க. நான் உளுந்தங்களி தின்னுகினு உக்காந்திருந்தேன். அதுலேந்து எனக்கு உளுந்தங்களின்னாவே ஆகறதில்ல" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் எங்கள் வீட்டில் யார் உளுந்தங்களி கிண்டினாலும் அவர் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அண்ணன் கோதண்டத்துக்கு அவரைக் கட்டினார்கள். நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பம். அண்ணன் அதிகம் பேசாதவர், கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாதவர். பெண்டாட்டிக்குப் படிப்பு இருப்பதில் அவருக்கு ஒரு பெருமை. சந்தையில் எவனாவது ஏதாவது கேட்டால், "வூட்ல கேட்டுச் சொல்றேன்" என்று வெட்கமே இல்லாமல் சொல்லிவிட்டு வருவார். அண்ணி அவரை 'இந்தாங்க' என்று கூப்பிடுவார். தூரத்தில் இருந்தால் வளையலைக் குலுக்குவார். அதுவும் கேட்கவில்லை என்றால் என்னை அனுப்புவார். புருஷன் பெயரைப் பெண்கள் சொல்லக் கூடாது, சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அதை யாரும் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

எங்கள் ஊரில் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் பள்ளிக்கூடம் இருந்தது. பெண் பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடுத்த ஊரில். ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் வந்தால் பெண் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். தை பிறந்து தண்ணீர் வடிந்தாலும் திரும்பப் போகமாட்டார்கள். பெண் பிள்ளைகள் அதற்குள் கரும்புக் கொல்லையில் சோகை என்கிற காய்ந்த தோகையை உரிக்கப் பழகியிருப்பார்கள். எந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் என்பதைக் பல ஊர்களுக்குச் சேர்த்து இருந்த கொம்யூன் நிர்வாகத்தின் பள்ளிக்கூடக் கமிட்டி முடிவு செய்யும். கொம்யூன் சபைக்கு ஜெயித்து வருகிறவர்களிலிருந்துதான் அந்தக் கமிட்டிக்கு ஆள் எடுப்பார்கள். எங்கள் ஊருக்கான இடத்தில் பல வருஷமாக வெல்ல ஆலைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெண் பள்ளிக்கூடம் கேளுங்கள் என்று அண்ணன் ஒரு முறை அவரிடம் போய்ச் சொன்னபோது, "அதுங்க படிக்கப் போனா சோகைய யாரு உரிப்பா, நீயா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒப்பித்தார். அண்ணி சோறு போட்டார்.

பெண்களுக்கும் ஓட்டு உண்டு, பெண்களும் நிற்கலாம் என்று சர்க்கார் அறிவித்த வருஷம் அண்ணி நிற்கப் போவதாகச் சொன்னார். எங்கள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன், "நின்னா இன்னா? நிக்கட்டுமே" என்றார். அவர் வாயிலிருந்து வந்த பெரிய அரசியல் பேச்சு அதுதான்.

ஓட்டுக் கேட்க அண்ணியோடு நான்தான் போனேன். "முன்வாசல் ஆம்பள ஓட்ட நீ பாத்துக்க. பின்வாசல நான் பாக்கறேன்" என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். முன்வாசலில் எனக்குக் கிடைத்தது கிண்டல்தான். அண்ணி அந்த நேரத்தில் கிணற்றடியிலோ அடுப்படியிலோ உட்கார்ந்து அந்த வீட்டுப் பெண்களின் கீரையை ஆய்ந்துகொடுத்துக்கொண்டே பேசுவார். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "ஏம்பா சுந்தரம், உங்க அண்ணன் புடவ கட்டிக்கினாரா?" என்று கேட்டார். வாசலில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது: "கட்டிகினா நல்லாத்தான் இருப்பாரு. ஒங்க வூட்டம்மா கிட்ட இருக்கற நல்ல புடவையா ஒண்ணு குடுங்க, கட்டிப் பாக்கறோம்." அந்த வீட்டில் புடவைக்குப் பஞ்சம் என்பது ஊருக்கே தெரியும். உள்ளே பெண்கள் சிரித்த சிரிப்பில் பெரியவர் எழுந்து போய்விட்டார்.

பெண்கள் எல்லோரும் அண்ணிக்குத்தான் என்று ஆயிற்று. எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஓட்டு நாளன்று ஆண் பள்ளிக்கூடத்தில் பெட்டி வைத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் பட்டணத்திலிருந்து வந்த அதிகாரி, பக்கத்தில் இரண்டு தரப்பு ஆட்களும். பெண்கள் குளித்து, பூ வைத்து, கோயிலுக்குப் போவது போல வரிசையாக வந்து நின்றார்கள்.

முதலில் நின்றவள் அஞ்சலை. எங்கள் ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஓர் அஞ்சலை மேல்தான் விழும். அதிகாரி ஏட்டைப் பார்த்துவிட்டு, "எந்த அஞ்சலை? புருஷன் பேர் என்ன?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. அஞ்சலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள். மறுபடியும் கேட்டார். அவள் ஒரு கையை விரித்து, மறுகையில் ஒரு விரலைச் சேர்த்து, தன் முகத்தைத் தொட்டுக் காட்டினாள். அதிகாரிக்கு விளங்கவில்லை. "ஆறுமுகம்" என்று பின்னாலிருந்து ஒருத்தி மெல்லச் சொன்னாள். அவரும் சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். அப்போது ஆலைக்காரர் தரப்பு ஆள் எழுந்து நின்றான். "ஓட்டுப் போடறவங்க வாயால சொல்லணும். சைகைக்கெல்லாம் ஓட்டு கெடையாது" என்றான். ஆள்மாறாட்டம் நிறைய நடக்கிற காலம். சட்டம் அவன் பக்கம் இருந்தது. நான் ஆண்கள் வரிசையிலிருந்து, "நான் சொல்றேன்" என்று போனேன். போய் உட்காரச் சொன்னார்கள்.

ஒருத்தி பச்சை வளையலைக் காட்டினாள், புருஷன் பச்சையப்பன். ஒருத்தி, "அதான், சங்கு சக்கரத்தோட கோயில்ல நிக்கறாரே அவரு" என்றாள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி, "எந்த ஊரு மனுசன் நீ, கட்டினவன் பேரப் பொம்பளயக் கேக்கற?" என்று அதிகாரியையே திட்டிவிட்டுப் போனாள். தாலி அறுத்தவர்களும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொருவராக ஓட்டுப் போடாமல் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியாக அண்ணி மேசைக்கு முன்னால் வந்து நின்றார். தேர்தலில் நிற்கிறவரை யாருக்கும் தெரியாதா? ஆனாலும் அந்த ஆள் விடவில்லை. "இவங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்றான். அதிகாரி சங்கடத்தோடு, "கணவர் பேர் சொல்லும்மா" என்றார். அண்ணி வாயைத் திறந்தார். மூடினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் இன்றும் தாங்க முடியாது. பிறகு தன் ஓட்டையே போடாமல் வெளியே வந்துவிட்டார்.

தோற்றுப்போனோம். ஆலைக்காரர் வீட்டு வாசலில் வெடி வெடித்தார்கள். நான் அதிகாரியையும் சட்டத்தையும் ஊர்ப் பெண்களையும் சேர்த்துத் திட்டினேன். அண்ணி சொன்னார்: "யார் மேலயும் குத்தம் இல்ல தம்பி. ஓட்டு இருந்துச்சி, வாய் இல்ல. எனக்கே இல்லாதப்ப ஊரக் குத்தம் சொல்ல முடியுமா?"

இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் தேர்தல் வந்தது. இந்த முறை அண்ணி பின்வாசலில் ஓட்டே கேட்கவில்லை. "ஓட்டு எனக்குத்தான்னு தெரியும். பேரு சொல்லுவீங்களா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குளத்துப் படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். அஞ்சலைதான் கேட்டாள்: "எங்களச் சொல்லச் சொல்றியே, நீ சொல்லுவியாக்கா?" அண்ணி குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டார். அண்ணி சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். "பேரு வெச்சது கூப்புடத்தான? எங்கம்மா வெச்ச பேர ஊரே கூப்புடுது. நீ ஒருத்திதான் கூப்புடல" என்றார். அப்புறம் இன்னும் ஒன்று சொன்னார், எங்கள் எதிரிலேயே: "எனக்கும் ஒரு தபா கேக்கணும்னு இருக்குது." அண்ணி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார், உடனே அழுதார். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார். "எம் புள்ள ஆயுச அடமானம் வெச்சா ஓட்டு வாங்கப் போறீங்க?" என்று கத்தினார். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அண்ணி படித்துறைக்குப் போனார். குடத்தைக் கீழே வைத்தார். துவைக்கிற சத்தம் நின்றது. "எங்க வூட்டுக்காரர் பேரு" என்று ஆரம்பித்து, மூச்சை இழுத்து, "கோதண்டம்" என்றார். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. எதிர்க் கரையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அண்ணன் தலையை நிமிர்த்தி, "இன்னா?" என்றார். யாரோ கூப்பிட்டார்கள் என்று நிஜமாகவே நினைத்துவிட்டார். படித்துறையே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் அஞ்சலை, "ஆறுமொகம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் முங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு படித்துறையில் தினமும் புருஷன்மார் பெயர்தான். சொல்லிவிட்டு முங்குவது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. சில ஆண்கள் அண்ணனிடம் சண்டைக்கு வந்தார்கள். அண்ணன், "எம் பேரயுந்தான் சொல்லுது. நான் நல்லாத்தான இருக்கேன்" என்று மார்பைத் தட்டிக் காட்டினார். ஓட்டு நாளன்று அதே மேசை, அதே கேள்வி. பெண்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் ஏலம் போடுவது போலச் சொன்னார்கள். என் மனைவி வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு என் பெயரைச் சொன்னாள். ஆண்கள் வரிசையில் நின்ற எனக்குக் காது சூடாயிற்று. அண்ணி வந்து நின்றபோது அதிகாரி கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். எதிர்த்தரப்பு ஆள் அன்றைக்கு உட்கார்ந்த இடத்தை விட்டு எழவே இல்லை.

ஜெயித்தார். பள்ளிக்கூடக் கமிட்டிக்கும் அவரை எடுத்தார்கள். மேரி என்று நாங்கள் சொல்கிற கொம்யூன் கட்டடத்தில் முதல் கூட்டத்துக்கு நான் வெளியில் காத்திருந்தேன். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பட்டியல் கொண்டுவந்தார்களாம். அண்ணி எழுந்து, "எங்க ஊருக்குப் பெண் பள்ளிக்கூடம். வேற ஒண்ணும் கேக்க வரல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். சில மாதத்தில் உத்தரவும் வந்தது. பட்டணத்திலிருந்து ஒரு வாத்தியாரம்மாவைப் போட்டார்கள். ஊரில் காலியாக இருந்த ஒரு களஞ்சியத்தைச் சுத்தம் செய்து வெள்ளை அடித்தோம். அண்ணன்தான் முன்னால் நின்று அடித்தார்.

அது திறப்பதற்குள் அவர் போய்விட்டார். கரும்புக் கொல்லையில் சோகைக்குள் இருந்த பாம்பு. வண்டி கட்டிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. வண்டியைத் திருப்பிய இடத்தில் இன்று ஒரு டீக்கடை இருக்கிறது. நான் அங்கே டீ குடிப்பதில்லை.

உடலைக் கிடத்தியதும் அம்மா அண்ணியின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "சொன்னியேடி. கொளத்துல சொன்ன, பொட்டிகிட்ட சொன்ன. சொல்லிச் சொல்லியே அனுப்பிட்டியேடி எம் புள்ளைய" என்றார். கூடியிருந்தவர்கள் யாரும் அம்மாவைத் தடுக்கவில்லை. 'நான் நல்லாத்தான இருக்கேன்' என்று அண்ணன் மார்பைத் தட்டியதை ஒருவன் நினைவுபடுத்தினான். பெண்கள் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழவேண்டிய முறை உண்டு. அஞ்சலைகூடக் கிட்டே வரவில்லை. ஓட்டில் தோற்ற ஆலைக்காரர்தான் விறகு அனுப்பினார், சுடுகாடுவரை நடந்தும் வந்தார். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பள்ளிக்கூடம் திறந்தது. வாத்தியாரம்மா வந்தார், பலகை வந்தது, சாக்கட்டி வந்தது. பிள்ளைகள் வரவில்லை. அது புருஷன் பேரைச் சொல்லி வாங்கின பள்ளிக்கூடம், கோதண்டத்தைக் காவு வாங்கின பள்ளிக்கூடம் என்று பேச்சு. பிள்ளை வராவிட்டால் வாத்தியாரம்மாவைத் திரும்ப அழைத்துக்கொள்வதாக மேரியிலிருந்து சொல்லிவிட்டார்கள். அண்ணி வெள்ளைப் புடவையோடு வீடு வீடாகக் கிளம்பினார். என்னைக் கேட்டால் அதுதான் அவருடைய மூன்றாவது பிரசாரம். அறுத்தவள் எதிரில் வந்தால் சகுனத் தடை என்று முன்வாசலைச் சாத்தினார்கள். பின்வாசலுக்குப் போனார். அதையும் சாத்தினார்கள். கீரையை ஆய்ந்துகொடுத்த அதே பின்வாசல்கள். வெளியே நின்று, கதவைப் பார்த்து, "பொண்ண அனுப்புங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். எனக்கு ஆத்திரம் தாங்காமல், போதும் வாங்க அண்ணி என்றேன். "கதவுக்கு அந்தப் பக்கம் புள்ள இருக்குதில்ல? அதுக்குக் காது கேக்குமில்ல?" என்றார்.

என் வீட்டிலேயே கதை வேறில்லை. அண்ணன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். எங்கள் மகள் வசந்தா படிக்கிற வயதில் இருந்தாள். என் மனைவி அனுப்ப மாட்டேன் என்றாள். "நானும் ஒங்க பேரச் சொல்லியிருக்கேன். போதும். இன்னும் எதுக்குச் சாமியச் சோதிக்கறது?" என்று அழுதாள். நான் கத்தினேன், கெஞ்சினேன். அவளுக்கு என் உயிர்மேல் இருந்த பயத்தை என்னால் எதிர்த்துப் பேசி ஜெயிக்க முடியவில்லை.

ஒரு நாள் காலையில் அம்மா வந்தார். அண்ணன் போனதிலிருந்து அவர் அண்ணியோடு பேசியதே இல்லை. வசந்தாவின் கையைப் பிடித்தார். என் மனைவி குறுக்கே நின்றாள். "எம் புள்ள அதுக்கு வெள்ள அடிச்சான். அது சும்மா கெடக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, இழுக்காத குறையாக வசந்தாவைத் தெருவோடு கூட்டிக்கொண்டு போனார். சாத்தின கதவுகளுக்கு முன்னால் நின்று நின்று போனார். "செத்தது எம் புள்ள. எனக்கு இல்லாத பயம் உங்களுக்கு இன்னாடி?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டார். பள்ளிக்கூட வாசலில் அண்ணி நின்றிருந்தார். அம்மா அவரைப் பார்க்காமல், பேசாமல், பிள்ளையை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். அந்த வாரத்திலேயே அஞ்சலையின் மகள் வந்தாள். பிறகு மற்றவர்கள். வாத்தியாரம்மா திரும்பிப் போகவில்லை.

பிள்ளைகளை அனுப்பினார்கள். அண்ணியை மன்னித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். படித்துறையில் அதன்பிறகு எந்தப் பெண்ணும் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. அடுத்த தேர்தலில் எல்லோரும் பழையபடி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அதிகாரிகளே அலுத்துப்போய்ப் பெயரைப் படித்துவிட்டுத் தலையாட்டச் சொன்னார்கள். பின்னால் நம்பர் போட்ட சீட்டு வந்தது, கேட்பதே நின்றுபோயிற்று. கேட்டவரைக்கும் அண்ணி மட்டும் வாயால் சொன்னார். செத்துப்போன புருஷனின் பெயரை, நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி. பின்னால் நின்ற பெண்கள் ஓரடி தள்ளி நின்றார்கள். "எதுக்கு அண்ணி, தலையாட்டினாப் போதாதா?" என்று ஒரு முறை கேட்டேன். "வேற எங்க தம்பி எங்கிட்ட அவர் பேரக் கேக்கறாங்க?" என்றார்.

இன்னொரு முறை, கொல்லையில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த மத்தியானம். அவரே கேட்டார். "தம்பி, நெசமாவே பேர் சொன்னா ஆயுசு கொறையுமா?" பைத்தியமா அண்ணி உங்களுக்கு என்றேன். "இல்லன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சி இன்னா பண்றது? ராத்திரில தெரிய மாட்டேங்குதே" என்றார். இப்போது எழுதும்போதும் அழுகைதான் வருகிறது.

அம்மா போனார். பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். அண்ணி மெம்பர் பதவியை விட்டும் பல காலம் ஆயிற்று. ஊர் மட்டும் மெம்பரம்மா என்றே கூப்பிட்டது. மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் கல்யாணம் காட்சி என்றால், புதுத் தாலி கட்டிக்கொண்ட பெண்ணை அவர் கண்ணில் படாமல் மறைத்தார்கள். அவர் கொண்டுவந்த பள்ளிக்கூடத்தில் படித்த பெண்களின் கல்யாணத்திலும் அப்படித்தான். அண்ணி வாசலோடு நின்று, மொய்யைக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் வந்துவிடுவார். எங்களிடம், "பசியில்ல" என்பார். இதைத்தான் இரங்கல் கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

அவரை எரித்த அன்று ஆற்றில் முழுகிவிட்டு ஈரத் துணியோடு வீட்டு வாசலில் வந்து நின்றேன். என் மனைவி செம்பில் தண்ணீரோடு வந்தாள். காலில் ஊற்றாமல் செம்பைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அன்னிக்கு ஓட்டுக்குச் சொன்னதோட சரி. இத்தன வருஷமா ஒங்க பேர நான் வாயில எடுக்கல" என்றாள். "எடுக்காம இருந்தா இன்னா அர்த்தம்? பேரச் சொல்லித்தான் மாமா செத்தாருன்னு அர்த்தம். அக்காதான் கொன்னாங்கன்னு அர்த்தம். வாயத் தொறக்காமயே தெனமும் அதத்தான் நான் சொல்லிகினு இருந்திருக்கேன். அவங்க பக்கத்துல குடியிருந்துகினே."

செம்பைக் கீழே வைத்தாள். என் முகத்தை நேராகப் பார்த்து, "சுந்தரம்" என்றாள். பிறகு இன்னொரு முறையும் சொன்னாள். என் பெயர் அவள் வாயில் பழக்கமில்லாமல் தடுக்கியது. இப்போது தினமும் சொல்கிறாள். சாப்பிடக் கூப்பிடும்போது, கதவைச் சாத்தச் சொல்லும்போது, சும்மாவும் சொல்கிறாள். கேட்கிற அக்கம்பக்கத்துப் பெண்கள் திகைத்துப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

அண்ணியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான், என் மனைவியின் வாயில் என் பெயர். அவர் உயிரோடு இருக்கும்போதே அவள் சொல்லியிருக்கலாம். நடுவில் ஒரு சுவர்தான். அண்ணிக்குக் கேட்டிருக்கும்.